டிக்கெட் எடுக்காதே, பத்து நாள் பொறு!

பள்ளிக்கூடப் படிப்பு முடிந்தாயிற்று. காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. அப்படிப்பட்ட பெண்ணை, "காலேஜ் ஒரு வருஷம் காத்திருக்கட்டும், முதலில் கடல் தாண்டிப் போய் நம் வேதத்தைப் படித்துவிட்டு வா" என்று பதினெட்டு வயசில் தன்னந்தனியாக விமானம் ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? இருக்கிறார்கள். ஒரு வீடு, இரண்டு வீடு இல்லை. தெருத் தெருவாக இருக்கிறார்கள். அமெரிக்காவில் உள்ள ஆசாரமான யூதக் குடும்பங்களைத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரின் உத்தியோகத்தை முன்னிட்டு நாங்கள் நியூஜெர்ஸியில் ஹைலண்ட் பார்க் என்ற சின்ன ஊரில் குடியிருக்கிறோம். ஒட்டினாற்போல் எடிசன். புளியும் முருங்கைக்காயும் வாங்க நம்மவர்கள் படையெடுக்கும் ஓக் ட்ரீ ரோடு அங்கேதான் இருக்கிறது. ஹைலண்ட் பார்க்கிலோ யூதக் குடும்பங்கள் ஜாஸ்தி. எங்கள் பக்கத்து வீட்டிலும் ஒரு யூதக் குடும்பம். ஐந்து பிள்ளைகள். மூத்தவள் பெண்.

அந்த வீட்டு அம்மாளுக்கும் எனக்கும் எட்டு வருஷப் பழக்கம். நான் சமைத்ததை அவர்கள் சாப்பிடக் கூடாது. இறைச்சிக்கு ஒரு செட் பாத்திரம், பாலுக்கு ஒரு செட் பாத்திரம் என்று பிரித்து வைத்திருக்கிற சமையலறை அவர்களுடையது. நறுக்காத பழமாகக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக் கொள்வார்கள். மாமியாரின் மடி ஆசாரத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் என்ன வருத்தம்? மாம்பழ சீசனில் ஒரு பெட்டி போகும். ஆப்பிள் சீசனில் ஒரு கூடை வரும்.

அந்த மூத்த பெண்தான் 2022 ஆகஸ்ட் மாசக் கடைசியில் ஜெருசலேமுக்குப் போனாள். அவள் போன முதல் பத்து நாள் அந்தத் தாய் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் நான். ஹாஸ்டலுக்கோ வெளிநாட்டுக்கோ பிள்ளையை அனுப்பும் எந்தத் தாய்க்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது என்ன வழக்கம்?

ஹீப்ரு மொழியில் 'ஷானா' என்றால் வருஷம். "ஷானாவுக்குப் போகிறாள்" என்றால் பள்ளி முடிந்து ஒரு வருஷம் இஸ்ரேலில் படிக்கப் போகிறாள் என்று அர்த்தம். பையன்கள் போவது 'யெஷிவா'. பெண்கள் போவது 'செமினரி'. காலேஜ்காரர்களும் இடத்தை ஒரு வருஷம் தள்ளி வைத்துத் தருகிறார்கள். எல்லோரும் வேதம் படிக்கத்தான் போகிறார்கள் என்றும் இல்லை. அவ்வளவு ஆசாரம் பார்க்காத வீட்டுப் பிள்ளைகள் தொண்டு வேலைக்கும் மொழி கற்கவும் போவதுண்டு.

வெளிநாட்டு யூத இளைஞர் இயக்கங்களின் தலைவர்களைப் பழக்குவதற்காக ஜெருசலேமில் 1946-லேயே ஒரு பயிற்சி நிலையம் ஆரம்பித்துவிட்டார்கள். 2004-ல் இஸ்ரேல் அரசாங்கமும் யூத ஏஜென்ஸியும் சேர்ந்து 'மாஸா' என்று ஓர் அமைப்பை உண்டாக்கின. இப்படி வருகிற பிள்ளைகளுக்குப் பண உதவி செய்வதும் அதன் வேலை.

பெண்கள் படிக்கிற கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்காலத்தில் அவர்கள் பையன்களைத்தான் வேதம் படிக்க அனுப்புவார்கள். பெண்களுக்கென்று முறையான வேதப் பள்ளி கிடையாது. 1917-ல் போலந்து நாட்டு கிராக்கவ் நகரத்தில் ஸாரா ஷெனிரர் என்ற அம்மாள் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அவர் பண்டிதர் இல்லை, பணக்காரியும் இல்லை. துணி தைத்துப் பிழைத்தவர்! பெண்களின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த கை, அவர்கள் மனசுக்கும் எதையாவது கொடுக்க வேண்டும் என்று தவித்திருக்கிறது. 'பேத் யாக்கோவ்' என்ற அந்தப் பள்ளி பல ஊர்களில் கிளை விட்டது. ஆசிரியைகள் வேண்டுமே என்று அவர்களைப் பழக்க ஒரு செமினரியும் கிராக்கவில் வைத்தார். 1935-ல் அவர் காலமானார். இன்றைக்குப் பதினெட்டு வயசுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பெட்டியோடு கிளம்புகிறார்கள் என்றால், அந்தத் தையல்கார அம்மாளை நினைத்துக் கொள்ளத்தானே வேண்டும்?

இரண்டு பெட்டியும் ஒரு ஹேர் டிரையரும்

பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாலிருந்தே அவர்கள் வீடு கல்யாண வீடு மாதிரி. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. முழங்கால் மறைக்கும் பாவாடைகள், முழங்கை மறைக்கும் சட்டைகள், படுக்கை விரிப்பு, மருந்து, வேத புத்தகங்கள். குளியலறைத் தராசில் பெட்டியை வைத்து நிறுத்து நிறுத்து அந்த அம்மாளுக்கு இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

நான் செய்த ஒரே உபகாரம், ஹேர் டிரையரை வெளியே எடுத்து வைக்கச் சொன்னது. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். இஸ்ரேலில் நம் ஊர் போலவே 230. அமெரிக்க டிரையரை அங்கே மாட்டினால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. இதை நான் எங்கள் ஊரில் ஒரு மிக்ஸியைப் பலி கொடுத்துத் தெரிந்து கொண்ட உறவுக்காரியிடம் கேட்டிருந்தேன்!

ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை சாயங்காலம் நெவார்க் விமான நிலையம். பத்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறத்தல். மறுநாள் அவள் அங்கே இறங்கி, பஸ்ஸில் மலை ஏறி ஜெருசலேம் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு ராத்திரியே எல்லாப் பெண்களையும் மேற்குச் சுவருக்கு அழைத்துப் போனார்களாம். கி.பி. 70-ல் ரோமானியர்கள் இடித்த யூதக் கோவிலின் வளாகத்தைத் தாங்கி நின்ற மதில் அது. ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கல் இடுக்கில் செருகுகிறார்கள். கிளம்பும்போது சுவருக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வருகிறவர்களும் உண்டு. அந்தப் போட்டோவில் பெண் சிரித்தாள். தாயும் சிரித்தாள். எல்லாம் இரண்டு நாளைக்குத்தான்.

மூன்றாம் நாள் அழுகை

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக் கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அவள் வீட்டுக்கு வரேன் என்கிறாள். அரை மணியாக ஒரே அழுகை. டிக்கெட் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்" என்றாள்.

அங்கே அப்போது ராத்திரி பதினோரு மணி. என்ன கஷ்டமாம் அந்தப் பெண்ணுக்கு? ஓர் அறையில் நாலு பேர். அதில் மூன்று பேர் ஏற்கெனவே சிநேகிதிகள். வகுப்பில் டீச்சர் ஹீப்ருவிலேயே பேசுகிறார், பாதி புரியவில்லை. கடையில் ஹீப்ருவில் கேட்டால் கடைக்காரர் இங்கிலீஷில் பதில் சொல்கிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை, பகலில் கண்ணைச் சுற்றுகிறது. தலை இடிக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. "நான் இந்த இடத்துக்கு லாயக்கில்லை, அம்மா" என்று ஒரே புலம்பல்.

பெற்றவளுக்கு வயிறு கலங்காதா? அந்த வீட்டுக்காரர் டிக்கெட் விலை பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் புரூக்ளினிலிருந்து பாட்டி, அதாவது அந்த அம்மாளின் தாயார், போனில் வந்தார். எழுபத்திரண்டு வயசு. அவரும் 1968-ல் இதே மாதிரி ஜெருசலேமில் போய்ப் படித்தவர்.

"இதோ பாரு, நானும் மூன்றாம் நாள் அழுதேன். அழுது, எட்டுப் பக்கம் கடுதாசி எழுதினேன். அது எங்கம்மா கைக்கு வர பத்து நாள் ஆச்சு. அவள் அழுது பதில் எழுதி, அது என் கைக்கு வர இன்னொரு பத்து நாள். அதற்குள் நான் எதற்கு அழுதேன் என்பதே எனக்கு மறந்து போச்சு. அந்தத் தபால்காரன்தான் என்னைக் காப்பாற்றினான். உன் கையில் இருக்கிற போனால் வந்த வினை இது. பத்து நாள் பொறு. அதற்கு முன்னால் டிக்கெட் எடுக்காதே" என்றார்.

எப்பேர்ப்பட்ட வார்த்தை! எனக்குச் சொன்னபோது அந்த அம்மாளே, "நான் 1994-ல் போனபோது போன் கார்டு வாங்கி வாரத்துக்கு ஒரு தடவைதான் பேசுவேன். வாரக் கடைசி வரைக்கும் அழுகையைச் சேர்த்து வைக்க முடியாது, பாதி கரைந்து போகும்" என்று ஒப்புக் கொண்டாள். பாட்டி காலத்தில் கடிதம், அம்மா காலத்தில் வாரம் ஒரு போன், பெண் காலத்தில் நினைத்த நிமிஷம் முகம் பார்த்துப் பேச்சு. கண்ணீர் ஆறுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்து விடுகிறது. சூடாக வந்த கண்ணீரைப் பார்த்து எடுக்கிற முடிவு சரியாக இருக்குமா?

முப்பத்து மூன்று மணி நேரம்

மறுநாள் வெள்ளிக்கிழமை. யூதர்களுக்கு வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இருட்டி நட்சத்திரம் தெரியும் வரை ஷபாத், ஓய்வு நாள். வேலை செய்யக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, விளக்கு ஸ்விட்சைத் தொடக் கூடாது, போனைத் தொடவே கூடாது. உலகத்தின் பெரும்பாலான ஊர்களில் அஸ்தமனத்துக்கு 18 நிமிஷம் முன்னால் வீட்டுப் பெண்கள் விளக்கேற்றுவார்கள். ஜெருசலேமில் 40 நிமிஷம் முன்னால் என்பது பழைய வழக்கம். ஊருக்கே கேட்கும்படி சங்கு ஊதுவார்கள். பஸ்ஸும் டிராமும் நின்றுவிடும்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஜெருசலேமுக்கும் எங்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். அங்கே பெண் வெள்ளி சாயங்காலம் போனை அணைத்து வைக்கும்போது எங்களுக்குப் பகல் பதினொன்றரை கூட ஆகவில்லை. அங்கே சனி இருட்டி அவள் போனை எடுக்கும்போது எங்களுக்குச் சனி மத்தியானம். ஆனால் தாய்க்கு ஷபாத் முடிய ராத்திரி எட்டே காலுக்கு மேல் ஆகிவிடும். ஆக மொத்தம் ஏறக்குறைய முப்பத்து மூன்று மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேச முடியாது. முந்தின நாள் அழுத குழந்தை!

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கடைசியாகப் பேசினார்கள். பெண் மூக்கை உறிஞ்சிக் கொண்டே "குட் ஷபாத்" என்றாளாம். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஒன்றே கால் மணிக்கு என் போனுக்கு ஒரு மெஸேஜ் வந்தது. அந்தப் பெண்தான். "ஆன்ட்டி, ஷபாத் நன்றாக இருந்தது. பத்து மணி நேரம் தூங்கினேன். நடு ரோடிலேயே நடந்தோம், ஒரு கார் கிடையாது. எல்லாரும் சேர்ந்து மேஜையைத் தட்டிப் பாடினோம். என் தலைவலி போய்விட்டது" என்று எழுதியிருந்தாள். தாய்க்குச் சொல்லச் சொல்லி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஓய்வு நாளில் தங்களுக்காகப் பிற மதத்தவரிடம் வேலை சொல்லக் கூடாது என்பதும் அவர்கள் விதியாயிற்றே.

ஆனால் நான் எனக்கு வந்த சமாசாரத்தைப் பக்கத்து வீட்டில் போய் வாயால் சொன்னால் யார் தடுக்கப் போகிறார்கள்? போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அழைப்பு மணியைத் தொடாமல் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். "உங்கள் பெண் பத்து மணி நேரம் தூங்கினாளாம். தலைவலி போய்விட்டதாம். பாடினாளாம்" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக் கொண்டு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே திரும்பிக் கணவரிடம் ஏதோ சொல்ல, உள்ளேயிருந்து சின்னப் பிள்ளைகள் கத்தின சந்தோஷம் தெருவுக்கே கேட்டது.

பாதி அழுகை தாகம்!

அந்தத் தலைவலி எப்படிப் போயிற்று என்று தெரிந்தபோது நான் அசந்துவிட்டேன். இந்தப் பத்திரிகை வாசகிகள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இது.

செமினரியில் 'ஏம் பாயித்' என்று ஒரு அம்மாள் இருப்பார். 'வீட்டுத் தாய்' என்று அர்த்தம். பெண்களின் சாப்பாடு, காய்ச்சல், கண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலையில் இந்தப் பெண் படுக்கையை விட்டு எழுந்திருக்காததைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "நேற்று எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாய்?" பெண் யோசித்துப் பார்த்தால், ஒன்றோ இரண்டோதான்.

ஜெருசலேம் சுமார் 800 மீட்டர் உயரத்தில், மலைமேல் இருக்கிறது. ஆகஸ்டில் மழையே கிடையாது. பகலில் 30 டிகிரி வெயில், ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும் காற்று. காற்று உலர்ந்து இருப்பதால் வியர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகி விடும். சென்னை மாதிரி புடவை நனைந்தால்தானே 'ஐயோ, வியர்க்கிறது' என்று தண்ணீர் தேடுவோம்? அங்கே உடம்பு வற்றுவதே தெரியாது. தலைவலி, தலைசுற்றல், எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். மலைப் பாதையில் நடக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் ஒரு தொப்பியும் இல்லாமல் விடமாட்டார்களாம்.

அந்த அம்மாள் பெண்ணை எழுப்பி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வைத்து, தக்காளியும் வெள்ளரிக்காயும் பொடியாக நறுக்கி உப்புப் போட்டு ரொட்டியோடு கொடுத்தார். அடுத்தது தூக்கம். ஏழு மணி நேரம் கிழக்கே போனால் உடம்பின் கடிகாரம் திரும்ப ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். ஒரு மணி வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்பது உத்தேசக் கணக்கு. காலை வெயிலில் நடந்தால் சீக்கிரம் சரியாகும். பகலில் நீட்டிப் படுத்தால் இன்னும் இழுக்கும். மூன்றாம் நாள் என்பது இந்தத் தாகமும் தூக்கக் கேடும் உச்சத்தில் இருக்கிற நாள். அன்றைக்கு வாழ்க்கை முடிவு எடுக்கச் சொன்னால் யார்தான் ஒழுங்காக எடுப்பார்கள்?

ஒரு கூட்டாளி, ஒரு சாப்பாட்டு மேஜை

ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. அமெரிக்கப் பெண்ணுக்கு ஞாயிறு என்றால் லீவு. அங்கேயோ ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள்! காலையிலிருந்து ராத்திரி வரை பாடம். 'பேத் மித்ராஷ்' என்ற பெரிய கூடத்தில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பக்கத்தை உரக்கப் படித்து, கேள்வி கேட்டு, சண்டை போட்டுப் படிப்பார்கள். நம் நூலகம் மாதிரி நிசப்தம் கிடையாது, சந்தைக் கடை இரைச்சல்தான். அப்படிச் சேர்ந்து படிக்கிற கூட்டாளிக்கு 'ஹவ்ரூத்தா' என்று பெயர். இந்தப் பெண்ணுக்கு வாய்த்தவள் லண்டன் பெண். அவளுக்கும் ஹீப்ரு தடுமாற்றம்தான். "உனக்குப் புரியாத வரி எனக்குப் புரிகிறது, எனக்குப் புரியாதது உனக்குப் புரிகிறது, ஆக மொத்தம் ஒரு ஆள் படித்த மாதிரி" என்று சிரித்தார்களாம். தனியாக இருந்தவளுக்கு முதல் துணை கிடைத்தது இப்படித்தான்.

பாடம் நடத்துகிற முறையில் நெஹாமா லைபோவிட்ஸ் என்ற ஆசிரியையின் கை தெரியும் என்று அந்த அம்மாள் சொன்னாள். 1905-ல் ரிகாவில் பிறந்து ஜெருசலேமில் வாழ்ந்தவர். 1942-லிருந்து முப்பது வருஷம் போல, வாராவாரம் வேதப் பகுதிக்குக் கேள்வித் தாள் தயாரித்து எவர் கேட்டாலும் தபாலில் அனுப்பினார். வீட்டுப் பெண்கள், சிப்பாய்கள், ஹோட்டல் பணியாளர்கள் யார் விடை எழுதி அனுப்பினாலும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவாராம். நாட்டின் பெரிய விருதான இஸ்ரேல் பரிசு பெற்றவர். 1997-ல் காலமானபோது, அவர் விருப்பப்படி கல்லறையில் பெயரோடு 'ஆசிரியை' என்று மட்டும் பொறித்தார்கள். விடை தெரியாதவளை வெட்கப்பட வைக்காமல் கேள்வி கேட்கிற டீச்சர் அமைந்தால் பாதிப் பயம் போய்விடுமே!

அந்த மாசம் அவர்கள் பஞ்சாங்கத்தில் எலூல். புது வருஷத்துக்கு முந்தின மாசம். தன்னைத் தானே சோதித்துக் கொள்கிற மாசம். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். ஒரு சத்தம் நீளம், ஒரு சத்தம் உடைந்து உடைந்து. "அந்த உடைந்த சத்தம் அழுகை மாதிரி இருக்கிறது, ஆன்ட்டி. ஊரே அழுவதால் நான் அழுவது தெரியவில்லை" என்று எழுதினாள். குறும்பு திரும்பிவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

வீட்டு வேலை சமாசாரம் கேளுங்கள். அங்கே தரை கல் தரை. வாளித் தண்ணீரைச் சளேரென்று தரையில் கொட்டி, ரப்பர் பட்டை வைத்த நீளக் கழியால் தள்ளித் தள்ளி மூலையில் உள்ள ஓட்டை வழியாக வெளியேற்றுவார்களாம். 'ஸ்போன்ஜா' என்று பெயர். வாக்குவம் கிளீனர் பிடித்தே பழகிய பெண் பாவம், முதல் நாள் தண்ணீரை அடுத்த அறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறாள். நம் வீட்டில் முற்றம் கழுவுகிற மாதிரிதானே! வீடியோவில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: "தூர மூலையிலிருந்து ஆரம்பி, வாசலைப் பார்த்து வா." பாலும் அங்கே பிளாஸ்டிக் பையில்தான் வருகிறது, நம் பாக்கெட் பால் மாதிரி. 1980-லேயே சட்டம் போட்டு, புது வீடுகளுக்கெல்லாம் மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள். சிக்கனத்தில் அவர்கள் நமக்கு அண்ணன்.

இரண்டாம் வாரம் இன்னொரு பரீட்சை. அந்த ஷபாத்துக்குச் செமினரியில் சாப்பாடு கிடையாது. பெண்கள் தாங்களே யாராவது ஒரு குடும்பத்தை விசாரித்து, போன் செய்து, "உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரலாமா?" என்று கேட்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களிடம்! கூச்சத்தில் நாலு நாள் தள்ளிப் போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் கேட்டாள். எதிர்முனையில் ஒரு பாட்டியம்மாள், "ஒருத்தியா, இரண்டு பேரா? பட்டாணி பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டாராம். பதினான்கு பேர் உட்கார்ந்த மேஜையில் பாதிப் பேர் இப்படி வந்த பிள்ளைகள். சாப்பிட்ட பிறகு பாத்திரத்தை எடுத்து வைக்க எழுந்தபோது அந்தப் பாட்டி தடுக்கவில்லை. "அவர் என்னை விருந்தாளியாக நினைக்கவில்லை, அம்மா" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள். வேலை வாங்கினால்தான் வீட்டு மனுஷி என்ற நினைப்பு வரும். இது எல்லா ஊருக்கும் பொது.

தோகையும் துக்கியும்

இந்த இடத்தில் நம் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சாலமோன் ராஜாவின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பொன்னும் வெள்ளியும் தந்தமும் குரங்கும் மயிலும் கொண்டு வந்ததாக அவர்கள் வேதத்தில் வருகிறது. அங்கே மயிலுக்கு உள்ள சொல் 'துக்கி'. இது தமிழ் 'தோகை'யிலிருந்து போனது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் கால்டுவெல் பாதிரியாரும் தம் ஒப்பிலக்கணத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். டீச்சர் இதைச் சொன்னதும் இந்தப் பெண் கை தூக்கி, "எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தமிழ்" என்றிருக்கிறாள். "கேட்டுச் சொல்" என்றார் டீச்சர். ராத்திரி எனக்கு மெஸேஜ். தோகை என்றால் என்ன, மயிலின் எந்தப் பாகம், எப்படி உச்சரிப்பது என்று நான் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். மறுநாள் என் குரலை வகுப்பில் போட்டுக் காட்டினாளாம்! இன்றைய ஹீப்ருவில் அதே சொல்லுக்குக் கிளி என்று அர்த்தம் மாறிவிட்டது என்பது அவள் எனக்குச் சொன்ன பதில் பாடம். "லாயக்கில்லை" என்று அழுதவள் வகுப்புக்கே ஒரு சமாசாரம் கொண்டு வந்தவளாகிவிட்டாள்.

பத்து நாள் ஆயிற்று. பாட்டி சொன்ன கெடு. அந்த அம்மாள் மெதுவாக, "டிக்கெட் விஷயம் என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். "எந்த டிக்கெட்?" என்றாள் பெண்.

அதற்காக அழுகையே இல்லை என்று சொல்ல மாட்டேன். செப்டம்பர் 25 ராத்திரி புது வருஷம் பிறந்தபோது, தேனில் தோய்த்த ஆப்பிளை யார் வீட்டிலோ சாப்பிட வேண்டி வந்ததே என்று இரண்டு பக்கமும் கண்ணீர்தான். ஆனால் அது ஏக்கம். வீட்டை நேசிக்கிற பிள்ளைக்கு அது வரத்தான் செய்யும். வருஷம் முழுக்க இருந்து படித்துவிட்டு 2023 ஜூனில் திரும்பினாள்.

எப்போது பொறுக்கக் கூடாது?

பொறு என்று சொன்னேனே தவிர, கண்ணை மூடிக் கொள் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று வாரம் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வகுப்புக்கே போகாமல் படுத்துக் கிடக்கிறாள், யாரிடமும் பேசவில்லை, 'இருந்து என்ன பிரயோசனம்' என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால், அது வீட்டு ஏக்கம் இல்லை. உடனே அங்குள்ள பொறுப்பாளரைக் கூப்பிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும். உயிர் பற்றிய பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காக்க வேண்டாம். யாராவது தொந்தரவு செய்கிறார்கள் என்றாலும் அப்படித்தான். திரும்பி வந்த பிள்ளையைத் 'தோற்று வந்தாள்' என்று யாரும் சொல்லவும் கூடாது.

ஊர் நிலவரமும் உண்டு. 2023 அக்டோபர் 7-ல் தாக்குதல் நடந்து போர் மூண்டபோது, அந்த வருஷம் போய்ச் சில வாரமே ஆகியிருந்த பிள்ளைகள் பலர் கிடைத்த விமானத்தில் திரும்பினார்கள். பலர் அங்கேயே தங்கினார்கள். எத்தனையோ வீடுகளில், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பிள்ளைகளை இழந்த தாய்மார் அழுதார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பாட்டியின் பத்து நாள் கணக்கு செல்லாது. ஆபத்துக்குப் பயப்படுவது வேறு, அழுகைக்குப் பயப்படுவது வேறு.

இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டுப் பெண் கிளம்பினாலும் அந்த அம்மாளிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். அவள் சொல்வது இவ்வளவுதான்: போனில் அழுதால் முதலில் தண்ணீர் குடித்தாயா என்று கேளுங்கள். அப்புறம் தூங்கினாயா என்று கேளுங்கள். அப்புறம், இன்று யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வருகிற வரைக்கும் 'வீட்டுக்கு வருகிறாயா?' என்ற நாலாவது கேள்வியை வாயில் அடக்கி வையுங்கள். உங்கள் பெண்ணோ பையனோ ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறார்களா, சகோதரிகளே? இந்த மூன்று கேள்வியையும் ஒரு சீட்டில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வைத்துக் கொள்ளுங்களேன்!